பிரம்பு இருந்த இடம்

ஆசிரியர் பயிற்சிகளில் மதியச் சாப்பாடு முடிந்து, கருத்தாளர் கடைசித் தலைப்பையும் பேசி முடித்து, "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று சொல்கிற நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும். "அடிக்கக் கூடாதுங்கறீங்க, திட்டக் கூடாதுங்கறீங்க, வெளிய நிக்கவைக்கக் கூடாதுங்கறீங்க. அப்ப அவன என்னதான் சார் பண்றது?" கூடம் முழுக்கச் சிரிப்பு எழும். கருத்தாளரும் சிரிப்பார். அன்பு, அரவணைப்பு, பொறுமை என்று மூன்று சொற்கள் சொல்வார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் பஸ் பிடிக்கக் கிளம்பிவிடுவோம்.

தொடக்கப் பள்ளியிலேயே வேலைக்காலத்தைக் கழித்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நம் தொடக்கக் கல்வியில் கேட்கப்படும் கேள்விகளில் இதைவிடப் பெரியது அதிகமில்லை. கேட்பவர்களில் சிலர் பிரம்பைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்பது உண்மைதான். மற்றவர்கள் மெய்யாகவே வழி தெரியாமல் கேட்கிறார்கள். இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குழந்தையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் அதன் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது. தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது 16-ஆம் பிரிவு. இரண்டுமே வந்திருக்க வேண்டியவை, இன்னும் முன்பே வந்திருக்க வேண்டியவை. ஆனால் பிரம்பை எடுத்த இடம் காலியாகக் கிடக்கிறது. அங்கே எதை வைப்பது என்று நாம் சேர்ந்து உட்கார்ந்து யோசிக்கவே இல்லை. சில வகுப்பறைகளில் அந்த இடத்துக்குச் சுடுசொல் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னும் பலவற்றில், பையனைக் கடைசியில் உட்காரவைத்து அவன் போக்கில் விட்டுவிடுவது வழக்கமாயிற்று. என் பார்வையில் இந்த இரண்டாவது, அடியைவிடக் கொடியது. அடிக்கிறவர் அவன் இருப்பதையாவது பார்க்கிறார்.

நான் சேட்டையைப் பற்றிப் பேசவில்லை. ஏழு வயதில் சேட்டை செய்யாத பிள்ளையைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. நான் சொல்வது, தன் கோபத்தைப் பார்த்துத் தானே பயப்படுகிற பிள்ளையை. காரணம் இல்லாமல் பக்கத்துப் பிள்ளையின் கையைக் கடிப்பவன். சட்டைக் காலரைச் சப்பிச் சப்பி நைந்துபோக வைப்பவன். பாராட்டினால்கூட நோட்டைக் கிழித்துப் போடுபவன். தொட்டதற்கெல்லாம் அழுது மூச்சு முட்டும் சிறுமி. எந்தத் தொடக்கப் பள்ளிக்குப் போனாலும் இப்படி ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். அவர்கள் பெயர்தான் நாள் முழுக்க அதிகம் கூப்பிடப்படும். "மிஸ், இவன் அடிக்கிறான் மிஸ்" என்று வகுப்பே அந்தப் பெயரைப் பாடமாக்கிக்கொண்டிருக்கும்.

நான் பார்த்த ஒன்றைக் கொஞ்சம் நெருங்கிச் சொல்கிறேன். திருவண்ணாமலை மாவட்டத்து ஈராசிரியர் பள்ளி ஒன்று. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டம் போட்ட கணக்கு. ஒன்று முதல் மூன்று வரை தலைமையாசிரியை, நான்கும் ஐந்தும் நான். நடுவில் கதவில்லாத நிலை மட்டும் இருக்கும், அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் இந்தப் பக்கம் தெரியும். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். இரும்புப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பிள்ளை நுழையும் அளவுக்கு இடுக்கு. யாரையாவது கடித்துவிட்டாலோ பையைத் தூக்கி எறிந்துவிட்டாலோ அவன் அதற்குள் போய்ப் புகுந்துகொள்வான். உள்ளே இருந்து காலால் உதைப்பான். இரும்பு அதிரும் சத்தம் தெருவரை கேட்கும்.

தலைமையாசிரியை முதலில் கடிபட்ட பிள்ளையிடம்தான் போவார். கையைக் கழுவிவிட்டு, தேங்காயெண்ணெய் தடவி, மடியில் சாய்த்துக்கொள்வார். அது முடிந்த பிறகுதான் அவன் பக்கம் திரும்புவார். இந்த வரிசை முக்கியம். கடித்தவனைச் சுற்றியே பள்ளி சுழன்றால் கடிபட்டவளுக்கு நியாயம் எங்கே? கடித்தால்தான் டீச்சர் வருவார் என்று அவனுக்கும் ஆகிவிடும். பிறகு தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பீரோ ஓரமாகப் போட்டுக்கொள்வார். "இங்கதான் இருக்கேன்" என்று ஒரு தரம் சொல்வார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். மடியில் நோட்டுக் கட்டை வைத்துத் திருத்திக்கொண்டிருப்பார். மற்ற பிள்ளைகள் முதலில் வேடிக்கை பார்ப்பார்கள், பிறகு தங்கள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். உதை குறையும். ஒருநாள் இடுக்கிலிருந்து குரல் வந்தது: "டீச்சர், அது யார் நோட்டு?" அவர் தலைதூக்காமலே, "ஒன்னுது இன்னும் வரல கண்ணு, எழுதிக் குடுத்தா திருத்துவேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் அவன் வெளியே வந்து நாற்காலிக் காலடியில் உட்கார்ந்தான். அன்றைக்குக் கடித்ததைப் பற்றிப் பேச்சே இல்லை. மறுநாள் இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, "நேத்து அந்தப் புள்ள கைய கடிச்சியே, வலிச்சிருக்குமில்ல, அதுக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. மதியம் அந்தச் சிறுமியின் தண்ணீர் பாட்டிலை எடுத்துப்போய் நிரப்பிக்கொண்டு வந்து அவள் பைக்குப் பக்கத்தில் வைத்தான்.

கொதிநிலையில் இருக்கும் குழந்தையிடம் பேசுவது வீண். பயத்திலும் கோபத்திலும் உடம்பு விறைத்திருக்கும்போது அறிவுரை காதில் ஏறாது. பெரியவர்களுக்கே ஏறுவதில்லை. குரலைத் தாழ்த்தி, சொற்களைக் குறைத்து, பக்கத்தில் இருந்து, அவன் உடம்பு தணிந்த பிறகு பேச வேண்டும். இதை எந்தப் பயிற்சியிலும் அவர் கற்றதில்லை. ஆனால் இத்துடன் நின்றிருந்தால் அது பொறுமைக்கு ஒரு கதை, அவ்வளவுதான். அவர் செய்த இன்னொரு காரியம்தான் அவனுக்கு வழியைத் திறந்தது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். அவன் வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் மணி என்ன, அதற்குச் சற்று முன்பு வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது, பக்கத்தில் யார், பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று இரண்டு மூன்று வரி எழுதிவைத்தார். வசை இல்லை, தீர்ப்பு இல்லை, நடந்தது மட்டும். பக்கங்கள் சேர்ந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கணக்குப் பாடத்தில் ஒரு சம்பவமும் இல்லை. விளையாட்டிலும் இல்லை. 'சொல்வதை எழுதுதல்' என்று கரும்பலகையில் எழுதிய மாத்திரத்தில் அவன் பென்சில் உடைகிறது. உடைந்த பென்சிலுக்காகப் பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்குகிறான். அவள் தரமாட்டேன் என்கிறாள். பிறகு பல். அவனுக்கு எழுத்தே தெரியாது. மூன்றாம் வகுப்புவரை அதை மறைத்துவைத்திருந்தான். எழுத்து தெரியாதவன் என்பதைவிட முரடன் என்ற பெயர் அவனுக்குத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கிறது.

ஏன் தெரியவில்லை என்பதற்கும் பதில் தூரத்தில் இல்லை. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் தை பிறந்ததும் செங்கல் சூளைக்குக் கிளம்பும். முன்பணம் வாங்கியிருப்பார்கள், போகாமல் இருக்க முடியாது. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் போனால் மழைக்காலம் நெருங்கும் வரை அங்கேதான். முதல் இரண்டு வகுப்பிலும் பாதி வருடம் அவன் சூளையில் இருந்திருக்கிறான். மூன்றாம் வகுப்பில்தான் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். முன்பு படிப்பு போயிற்று, இப்போது அம்மாவும் அப்பாவும் போனார்கள். பாட்டியைப் பள்ளிக்கு வரச்சொன்னால் வாசலிலேயே நின்று, "கண்ண மட்டும் வுட்டுட்டு தோல உரிச்சிடு டீச்சரம்மா" என்பார். அதைக் கேட்டு அந்தக் கிழவியைக் கல்மனசுக்காரி என்று நினைப்பவர்களுக்கு எங்கள் ஊர் தெரியாது. பேரனைத் தன்னால் மேய்க்க முடியவில்லை, நீங்களாவது பாருங்கள் என்று கையேந்துவதற்கு அவருக்குத் தெரிந்த வாக்கியம் அது ஒன்றுதான். தலைமையாசிரியை அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். புகார் ஒன்றும் சொல்லவில்லை. "இவன் எதுக்குச் சிரிப்பான் பாட்டி?" என்று கேட்டார். கிழவி வெகுநேரம் யோசித்து, "கோழிக்குஞ்சு பாத்தா சிரிப்பான்" என்றார். அடுத்த வாரம் அவனுக்குத் தனியாகப் போட்ட எழுத்துப் பாடம் 'கோ'வில் ஆரம்பித்தது.

இதைப் போலவே வேறு மண்ணில் யோசித்த ஒருவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லியாக வேண்டும். மார்ஜரி பாக்ஸால், லண்டன் கல்வி நிர்வாகத்தில் வேலைபார்த்த கல்வி உளவியலாளர். 1960-களின் இறுதியில் கிழக்கு லண்டனின் ஹாக்னி வட்டாரத்தில் வறுமையும் நெருக்கடியும் அதிகம். பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்கள் அங்கே இருந்தன. தொடக்கப் பள்ளிகள் முரட்டுப் பிள்ளைகளைச் சிறப்புப் பள்ளிகளுக்கும் குழந்தை வழிகாட்டு மையங்களுக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தன. அனுப்புவதற்கு இடம் போதவில்லை. பாக்ஸால் வேறு வழி பார்த்தார். இந்தப் பிள்ளைகளுக்குக் கோளாறு என்பதைவிட, மூன்று வயதுக்குள் கிடைத்திருக்க வேண்டிய சில அனுபவங்கள் கிடைக்காமல் போய்விட்டன என்று கொள்வதே பொருந்தும் என்றார். அப்படியானால் அந்த அனுபவங்களைப் பள்ளிக்குள்ளேயே மறுபடி கொடுத்துப் பார்க்கலாமே. 1969, 70 வாக்கில் சாதாரணப் பள்ளிகளுக்குள்ளேயே சின்ன வகுப்புகளைத் தொடங்கினார். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர். அறையில் பாதி வகுப்பு, பாதி வீடு. சோபா உண்டு, சமையல் மூலை உண்டு, எல்லோரும் சுற்றி உட்காரும் சாப்பாட்டு மேசை உண்டு. பிள்ளைகள் தங்கள் சொந்த வகுப்பின் வருகைப் பதிவேட்டிலேயே இருப்பார்கள், ஓரிரு பள்ளியாண்டுகளுக்குள் முழுமையாக அங்கே திரும்பிவிடுவார்கள்.

அந்த மேசைதான் வகுப்பின் மையம். தினமும் சேர்ந்து காலை உணவு. ரொட்டியை வாட்டுவது, அடுத்தவருக்கு நீட்டுவது, தன் முறைக்குக் காத்திருப்பது, "வேணுமா?" என்று கேட்பது, வேண்டாம் என்று சொன்னால் ஏற்றுக்கொள்வது. வீட்டில் சாதாரணமாக ஏறிவிடும் இந்தப் பழக்கங்கள் அங்கே பாடமாகவே நடந்தன. பெரியவர்கள் இருவர் இருப்பதற்கும் காரணம் உண்டு. இரண்டு பெரியவர்கள் ஒருவரோடொருவர் பிரியமாகப் பேசுவதை, கருத்து வேறுபட்டாலும் கத்தாமல் தீர்த்துக்கொள்வதைச் சில பிள்ளைகள் அங்கேதான் முதன்முதலில் பார்க்கிறார்கள். இத்தகைய வகுப்புகளைப் பற்றிப் பால் கூப்பர், டேவிட் வைட்பிரெட் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு முடிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடந்துகொண்டிருந்த வகுப்புகள், புதிதாகத் தொடங்கியவற்றைவிடத் தெளிவாகவே நல்ல பலன் தந்திருந்தன. நிலைத்து நடத்த வேண்டும் என்பதுதான் இதில் நம் கல்வித் துறை கேட்டுக்கொள்ள வேண்டிய சேதி.

பாக்ஸாலின் மேசையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பள்ளித் திண்ணை நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கிவைக்கப்பட்டு, எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளி மணி அடிக்குமுன் சூடாக உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே சாம்பார். பசியோடு வந்து பத்தரை மணிக்கு எரிச்சலில் அடுத்தவனைத் தள்ளிவிடும் பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது இந்தத் திட்டம் வந்தபிறகுதான் எங்களுக்குக் கண்கூடாகத் தெரிந்தது. பசியை நடத்தைக் கோளாறு என்று எண்ணிக்கொண்டிருந்த பள்ளிகள் ஏராளம்.

ஆனால் அந்த அரைமணி நேரத்தில் வேறொன்றும் இருக்கிறது. பல பள்ளிகளில் அது வெறும் விநியோகமாகவே நடந்து முடிகிறது. வரிசை, தட்டு, "பேசாம சாப்பிடு", போட்டோ, செயலியில் பதிவு. சமைக்கும் மகளிர் குழுப் பெண்களோடு ஆசிரியருக்குக் கணக்கு வழக்கைத் தவிரப் பேச்சில்லை. எங்கள் தலைமையாசிரியை தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்து பிள்ளைகளோடு தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். அந்தப் பையன் அவருக்கு வலது பக்கம். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு அவனுக்கு. எல்லோருக்கும் ஊற்றிவிட்டுத்தான் அவன் உட்கார வேண்டும், காத்திருப்பது அப்படித்தான் அவனுக்குப் பழகிற்று. சமைக்கும் அக்காவும் இவரும் ஊர்க்கதை பேசுவார்கள், உப்பு கூடிவிட்டது என்று செல்லமாகச் சண்டை போடுவார்கள். பிள்ளைகள் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு என்னென்ன நடக்கப்போகிறது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுவார்: "இன்னிக்கு நர்ஸம்மா வருவாங்க, ஊசி கெடையாது, பல்லு மட்டும் பாப்பாங்க." திடீர் மாற்றங்களில் வெடிக்கிற பிள்ளைக்கு, வரப்போவது முன்கூட்டித் தெரிவதைவிடப் பெரிய உதவி இல்லை. ஹாக்னியில் தனி அறையும் தனிப் பணியாளரும் வைத்துச் செய்ததன் முக்கால் பங்கு, பெரிய செலவில்லாமல் நம் திண்ணையில் தினமும் நடக்க வாய்ப்பிருக்கிறது. உணவு வந்துவிட்டது, இடம் இருக்கிறது, இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தை ஆசிரியரின் பணியாகக் கருதி, போட்டோவையும் செயலியையும் வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, உட்காருங்கள் என்று சொல்ல ஓர் அரசாணை போதும். பிரம்பு இருந்த இடத்தில் நான் முதலில் வைக்க நினைப்பது இந்த அரைமணி நேரத்தைத்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பாக்ஸாலுக்கு அடிப்படையாக இருந்தது ஜான் பௌல்பியின் பற்றுறவுக் கொள்கை. உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-இல் அவர் எழுதிய அறிக்கை, சிறு வயதில் தாயின் அண்மை எவ்வளவு அவசியம் என்று உலகுக்குச் சொன்னது. அதே கொள்கை பிற்பாடு எல்லாப் பழியையும் அம்மாக்கள் தலையில் இறக்கிவைக்கவும் பயன்பட்டது. "அம்மா சரியில்ல, புள்ள எப்படி இருக்கும்?" என்று ஆசிரியர் அறையில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். முன்பணக் கடனுக்காகச் சூளையில் கல் அறுக்கும் தாயிடம் அண்மையைக் கேட்க நாம் யார்? நம் ஊர்களில் ஒரு பிள்ளைக்குப் பல மடிகள் உண்டு. பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுச் சித்தி என்று யாரோ ஒருவர் அவனுக்கு இருப்பார். அந்த ஒருவரைக் கண்டுபிடித்துப் பள்ளியோடு சேர்ப்பதுதான் செய்ய வேண்டிய வேலை.

சொல்லத் தயங்குகிற இன்னொன்றும் உண்டு. எந்தப் பிள்ளையை 'முரடன்' என்கிறோம், எந்தப் பிள்ளையைச் 'சுட்டி' என்கிறோம் என்பதைத் தெருவும் சாதியும் தீர்மானிக்கின்றன. இரண்டு பேரும் ஒரே கல்லை ஒரே மாதிரி எறிந்திருப்பார்கள். ஒருவனுக்கு "துறுதுறுன்னு இருக்கான்", மற்றவனுக்கு "அந்தத் தெருப் புள்ளைங்களே அப்படித்தான்". ஆறு வயதில் இந்தச் சொல்லைக் கேட்கும் குழந்தை, பத்து வயதில் அதற்கு ஏற்றபடி நடந்துகாட்டும். தலைமையாசிரியையின் நோட்டில் நடந்தது மட்டுமே எழுதப்பட்டிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மணியும் சம்பவமும் எழுதும்போது தெருவின் பெயருக்கு அங்கே இடம் கிடையாது.

கத்துகிற பிள்ளைக்காவது யாராவது ஓடி வருவார்கள். என் வகுப்பில் ஒரு சிறுமி நான்காம் வகுப்பு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் தம்பியோடு நன்றாகச் சண்டை போடுவாளாம். பள்ளி வாசலைத் தாண்டினால் உதடு ஒட்டிக்கொள்ளும். எல்லா வீட்டுப்பாடமும் எழுதுவாள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். "நல்ல புள்ள, தொல்லையே குடுக்காது" என்று முந்தைய ஆண்டுகளில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். வீட்டில் பேசும் குழந்தை பள்ளியில் பேசாமல் போவது பதற்றத்தின் ஒரு வடிவம், பிடிவாதத்தில் சேராது. பேசு பேசு என்று வற்புறுத்துவதும், பேசினால் பரிசு என்று எல்லோர் முன்னும் அறிவிப்பதும் உதட்டை இன்னும் இறுக்கும். பதில் எதிர்பார்க்காமல் அவளோடு பேசிக்கொண்டே இருப்பது, தலையசைப்பையும் பதிலாக ஏற்பது, தம்பியைப் பக்கத்தில் உட்காரவிடுவது என்று மெல்ல மெல்லத்தான் போக முடியும். அடங்கிக் கிடக்கும் துயரம் வகுப்பைத் தொந்தரவு செய்வதில்லை என்பதால் அதற்கு அவசரமில்லை என்று ஆகிவிடுகிறது.

ரப்பர் திருடும் பிள்ளைகள் விஷயமும் இப்படித்தான். தன் பையில் மூன்று ரப்பர் இருக்க, நான்காவதை ஏன் எடுக்கிறது ஒரு குழந்தை? டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேய மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்தவர். திருடும் குழந்தை, தனக்கு ஒருகாலத்தில் இருந்து பறிபோன ஒன்றைத் தேடுகிறது, தேடுவதால் அதற்கு இன்னும் நம்பிக்கை மிச்சமிருக்கிறது என்று 1956-இல் ஒரு கட்டுரையில் வாதித்தார். பொருளைத் திருப்பிக் கொடுக்க வைக்க வேண்டும்தான். கூடவே, எது பறிபோயிற்று என்று யாராவது விசாரிக்கவும் வேண்டும்.

எல்லாவற்றையும் பாசத்தால் தீர்த்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காதில் சீழ் வடிந்துகொண்டிருக்கலாம். கரும்பலகை தெரியாததால் அலைபாயலாம். ஆட்டிசம், கவனக்குறைவும் மிகை இயக்கமும், கற்றல் குறைபாடு என்று தனிக் கவனம் தேவைப்படுபவை உண்டு. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லி, மாவட்ட அரசு மருத்துவமனைவரை கூட்டிப்போய்ப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வரிசைப்படுத்தும் 21 வகைகளில் எதிலும் அடங்காத பிள்ளைகளே நான் பேசுகிறவர்களில் அதிகம். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியருக்குத் தன் பட்டியலில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கவே நாள் போதாது. அவரும் ஒப்பந்தச் சம்பளக்காரர். நடமாடும் உளவியல் ஆலோசனை வண்டி உயர்நிலைப் பள்ளிப் பக்கம் போகிறது, பொதுத் தேர்வு பயம் அங்கேதான் என்பதால். ஆறு வயதில் கவனித்திருந்தால் பதினாறு வயதில் வண்டி அனுப்பத் தேவையிருக்காத பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள்.

இதையெல்லாம் செய்யும் ஆசிரியருக்கும் ஓர் உடம்பு இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் உள்ள பள்ளியில், மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, பீரோ ஓரத்தில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவதற்கு எவ்வளவு மனவலிமை வேண்டும்? எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. யாருக்காவது கை நடுங்குகிற அளவுக்குக் கோபம் வந்தால், மற்றவர் நிலைப்படியில் வந்து நின்று, "நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்போம். ஏன் என்று கேட்பதில்லை. கிஜுபாய் பதேக்கா எழுதிய 'பகல் கனவு' நூலைப் படித்த ஆசிரியர்களுக்கு அதன் முதல் நாள் மறந்திருக்காது. நான்காம் வகுப்பை ஏற்றுக்கொண்ட ஆசிரியர், மௌன விளையாட்டு என்று ஆசையாகத் திட்டம் போட்டுப் போகிறார். பிள்ளைகள் கூச்சலிட்டு, கேலிசெய்து அதைக் குலைத்துவிடுகிறார்கள். அவர் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் கதையோடு வருகிறார். அந்த மறுநாளை நம் பள்ளிகள் ஆசிரியருக்குக் கொடுப்பதில்லை என்பது என் ஆதங்கம். நேற்றைய கணக்கை இன்று எடுக்காமல் பிள்ளையிடம் வர வேண்டும் என்றால், ஆசிரியர்மீதும் அதிகாரிகள் நேற்றைய கணக்கோடு வரக் கூடாது.

அந்தப் பையன் நான்காம் வகுப்புக்கு என்னிடம் வர இருந்த கோடையில், பணிமாறுதல் கலந்தாய்வில் தலைமையாசிரியைக்குச் சொந்த ஊர்ப் பக்கம் இடம் கிடைத்தது. பல ஆண்டுகள் காத்திருந்தவர், போகத்தான் வேண்டும். வழக்கமாக ஆசிரியர்கள் விடுமுறையில் மாறிப்போவார்கள். ஜூனில் பிள்ளைகள் வரும்போது நாற்காலியில் வேறு முகம் இருக்கும். பெரியவர்கள் சொல்லாமல் மறைந்துபோவதை ஏற்கனவே ஒருமுறை பார்த்துவிட்ட பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். கலந்தாய்வுக்குப் பெயர் கொடுத்த அன்றே, ஆண்டு முடியும் முன்பே, அவனிடம் சொன்னார்: "நான் வேற ஊருக்குப் போனாலும் போவேன். நீ செஞ்ச எதுனாலயும் இல்ல." அன்று அவன் மறுபடி பீரோ இடுக்குக்குள் போனான். அவரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கொஞ்ச நேரம் அவனை என் வகுப்பில் உட்காரவைத்தார். வருகைப் பதிவேட்டை என்னிடம் கொண்டுவந்து கொடுக்கும் வேலையையும் அவனிடம் விட்டார்.

போகும் நாளில் பொறுப்பு ஒப்படைப்பு நடந்தது. தளவாடப் பதிவேட்டை விரித்து, நாற்காலி, மேசை, பீரோ, தராசு, உலக உருண்டை என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம். சாவிக்கொத்து, வங்கிப் புத்தகம், சத்துணவுக் கூடத்துக் கணக்கு எல்லாம் கைமாறின. எது எத்தனை என்று அரசு கேட்கிறது, நாம் சொல்கிறோம். பிள்ளைகளை ஒப்படைக்க ஒரு பதிவேடு இல்லை. எல்லாம் முடிந்தபிறகு அவர் தன் பையிலிருந்து அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது: சொல்வதை எழுதச் சொல்லும் முன்பு அவனுக்கு மட்டும் முந்தின நாளே சொற்களைக் கொடுத்துவிடவும். இரண்டு பென்சில் சீவி வைத்திருக்கவும். தோளைப் பின்னாலிருந்து தொட வேண்டாம். பொங்கல் முடிந்து அம்மா கிளம்பிப்போன மறுவாரம் கஷ்டமாக இருக்கும், அப்போது தண்ணீர் ஊற்றும் வேலையை யாருக்கும் மாற்றித் தர வேண்டாம். பாட்டிக்குக் கண் தெரியாது, சீட்டு எழுதி அனுப்பாமல் நேரில் போய்ச் சொல்லவும். இந்த ஐந்து வரியை ஒவ்வொரு பணிமாறுதலிலும் ஒவ்வொரு ஆசிரியரும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும் என்று துறை கேட்கலாம். பீரோவை எண்ணுவதற்கு ஆகிற நேரத்தைவிட அதற்குக் கூடுதலாக ஆகாது.